ரைசன் 5600, ஆர்எக்ஸ் 6600: பட்ஜெட் கேமிங் பிசி நாள்பட ஓடும்போது தெரியவருபவை

ரைசன் 5 5600 ப்ராசஸர், 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, பி450 அல்லது பி550 மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ராம், ஒரு டெராபைட் என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி). 2023, 24 வாக்கில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மானிட்டர் நீங்கலாக ஐம்பதாயிரத்தை ஒட்டி கேமிங் பிசி கேட்டால் அடிக்கடி கிடைத்த கொட்டேஷன் இது. வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால் ப்ராசஸர் மீதும் கார்டு மீதும் பெரிய குறை சொல்வதற்கில்லை. உயிரை வாங்குவதெல்லாம் கொட்டேஷனின் அடிவரிசையில் இருக்கும் எஸ்எம்பிஎஸ், கேபினெட், ராம்தான். முதல் பிசி வாங்குபவர் பேரம் பேசிக் குறைப்பதும் அங்கேதான்.

முதலில் கார்டு. 1080பி மானிட்டரில் ஆர்எக்ஸ் 6600 இன்னும் தாக்குப்பிடிக்கிறது. 132 வாட்தான் இழுக்கும், ஒரே ஒரு 8 பின் கேபிள் போதும். இதே காலத்தில் கொஞ்சம் பணம் மிச்சம் என்று ஆர்எக்ஸ் 580, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் பக்கம் போனவர்களுக்குப் பிரச்சினை வேகத்தில் இல்லை, வசதியில். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ஹார்டுவேர் ரே டிரேசிங் (ஒளி, நிழலின் போக்கைக் கார்டே கணக்கிட்டு வரையும் வசதி) இல்லாத கார்டுகளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இரண்டுக்கும் ஏஎம்டி பக்கத்துக் குறைந்தபட்சத் தேவை ஆர்எக்ஸ் 6600. அதாவது வாசற்படியில் நிற்கிறது, உள்ளே இருக்கிறது என்றும் சொல்லலாம். ரே டிரேசிங்கை விருப்பத்துக்கு விடும் கேம்களில் அதை அணைத்துவிடுங்கள். 8 ஜிபி வீடியோ மெமரிக்கு டெக்ஸ்சர் அமைப்பை 'ஹை'யில் நிறுத்துங்கள். 'அல்ட்ரா'வுக்குப் போனால் சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்கு வரும் ஃபிரேம்கள்) விழாமலே காட்சி மட்டும் விட்டுவிட்டுத் திக்கும். பலர் அதை ப்ராசஸர் கோளாறு என்று நினைக்கிறார்கள்.

ப்ராசஸரில் கவனிக்க வேண்டியது பெயர்க் குழப்பம். 5500, 5600ஜி, 5600 மூன்றுக்கும் 6 கோர், 12 த்ரெட்தான். ஆனால் முதல் இரண்டில் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி, பிசிஐஇ (கார்டு ப்ராசஸரோடு பேசும் பாதை) 3.0. 5600இல் 32 எம்பி, பிசிஐஇ 4.0. தனி கார்டு போடப் போகிறீர்கள் என்றால் உள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட 5600ஜி வாங்குவதில் அர்த்தமில்லை. பி450 போர்டில் பிசிஐஇ 3.0 மட்டுமே என்று பயமுறுத்துவார்கள். ஆர்எக்ஸ் 6600 அந்தப் பாதையில் எட்டு லேனில் ஓடுவதால் இழப்பு சொற்பம். நாலே லேன், நாலே ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்குத்தான் அந்த பயம் பொருந்தும்.

மதர்போர்டு எதுவானாலும் முதல் வேலை பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட். ரைசனில் எஃப்டிபிஎம் (ப்ராசஸரிலேயே இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி) இயங்கும்போது ஒன்றிரண்டு விநாடி எல்லாமே உறைந்து, ஒலியும் கரகரத்து மீளும் கோளாறு ஒன்று இருந்தது. 2022 மார்ச்சில் ஏஎம்டியே ஒப்புக்கொண்டது. தீர்வு ஏஜீசா (பயாஸுக்குள் ஏஎம்டி தரும் நிரல்) 1.2.0.7 பதிப்பிலிருந்து வந்தது. கடை அலமாரியில் நாள்பட்டுக் கிடந்த போர்டில் அதற்கு முந்தைய பயாஸ் இருக்கலாம். டிபிஎம்மை அணைத்துத் தப்பிக்கலாம் என்றால் விண்டோஸ் 11இல் வேலரண்ட் கேம் அது இல்லாமல் திறக்காது. பயாஸ் மாற்றும் முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரிகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டிபிஎம் ரீசெட் ஆனால் கேட்கும்.

ராமில் கடைக்காரர் தரும் பிரபலமான யோசனை: "இப்போ ஒரே 16 ஜிபி போடுங்க சார், அப்புறமா இன்னொண்ணு சேர்த்துக்கலாம்." வேண்டாம். ஒற்றை ராமில் ஒரு சேனல்தான் வேலை செய்யும். சராசரி எஃப்பிஎஸ்ஸை விட, குறைந்தபட்ச எஃப்பிஎஸ் அதிகமாக அடிவாங்கும். பிறகு வாங்கும் ராமில் வேறு சிப் இருந்து 3200 வேகத்தில் நிற்காமல் போவதும் உண்டு. நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். அதோடு முடியவில்லை. பயாஸில் ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபியை இயக்காவிட்டால் 3200 ராம் 2400இலோ 2666இலோ ஓடிக்கொண்டிருக்கும். யாரும் சொல்லமாட்டார்கள், பிசியும் புகார் செய்யாது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகத்தைப் பாருங்கள். பயாஸ் அப்டேட் செய்த ஒவ்வொரு முறையும் இது பழையபடி அணைந்துவிடும்.

இப்போது எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவசமாக வரும் '500 வாட்' பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் படியுங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 12ஆல் பெருக்க 216 வாட். கார்டும் ப்ராசஸரும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். கார்டு 132, ப்ராசஸர் உச்சத்தில் 76, மற்றவை ஒரு 50. அங்கேயே கணக்கு உதைக்கிறது. நல்ல 550 வாட் யூனிட்டில் 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் வரை இருக்கும், உத்தரவாதமும் ஐந்து ஆண்டு கிடைக்கும். தரமற்றது உடனே வெடிக்காது. ஆறேழு மாதம் ஒழுங்காக ஓடும், பிறகு கேமில் கூட்டமான காட்சி வரும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று பதிவாகும். டெஸ்க்டாப்பில் நாள் முழுக்க இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்பதால் டிரைவரைத் திட்டி, விண்டோஸை மாற்றிப் போட்டு, கடைசியில்தான் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருவார்கள்.

எர்த் விஷயமும் இங்கேயே. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடித்தால் எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பாடியைத் தொங்கவிட்டிருக்கின்றன. எர்த் இல்லாத பிளக்கில் 230இல் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், மிகக் குறைந்த கரண்டில் பாடியில் நிற்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்ப்பதுதான் வழி. ரப்பர் செருப்பு வழியல்ல. வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்னாலுள்ள ஸ்விட்சை 'யுபிஎஸ்' மோடில் வையுங்கள். மாறும் நேரம் குறைவதால் கரண்ட் போனாலும் பிசி பெரும்பாலும் அணையாது. தனி யுபிஎஸ் என்றால் 600 விஏ மாடல் 360 வாட்தான் தரும். கேமை சேவ் செய்து மூட அது போதும், தொடர்ந்து ஆட அல்ல.

பொருத்தும்போது தடுமாறும் இடம் ஒன்று. 5600 பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் நான்கு ஸ்க்ரூவில் நேராக மதர்போர்டின் பின்தகட்டில் ஏறும். சாக்கெட்டின் இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் பிடிகளை முதலில் கழற்ற வேண்டும். கழற்றியதும் பின்தகடு பிடிமானமின்றி விழும். இடது கையால் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு, ஸ்க்ரூக்களைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பின்னாளில் கூலரைக் கழற்றுவதானால் பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். நடுவே சூடு கடத்தத் தடவிய பேஸ்ட் குளிர்ந்திருக்க, நேராக இழுத்தால் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், பின் வளையும்.

சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் இந்தக் கூலரோடு ப்ராசஸர் 80 டிகிரியைத் தாண்டுவது சகஜம். வரம்பு 90. ஆபத்தில்லை, சத்தம்தான் தொல்லை. ப்ராசஸரின் வோல்டேஜைக் குறைக்கும் பயாஸ் அமைப்பான கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோருக்கும் மைனஸ் 15 வைத்தால் பல சிப்புகள் தாங்கும், சூடு சில டிகிரி இறங்கும். திடீர் ரீஸ்டார்ட் வந்தால் 10க்குக் குறையுங்கள். அதற்கு முன் கேபினெட்டின் முன்பக்கத்தைப் பாருங்கள். முழுக் கண்ணாடி போட்ட அழகுக் கேபினெட்டில் எந்தக் கூலரும் மூச்சுத் திணறும். மெஷ் முகப்பு வாங்குங்கள், தூசி அதிகம் புகும் என்பதையும் ஏற்றுக்கொண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போகும்.

எஸ்எஸ்டியில் 500 ஜிபி வாங்கிச் சிக்கனம் பார்க்காதீர்கள். நூறு ஜிபி கேம்கள் நான்கே வைக்க முடியும். விலை குறைந்த க்யூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும்) ரகங்கள் நிரம்ப நிரம்ப எழுதும் வேகத்தில் படுத்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும்.

கார்டின் பேஸ்ட் காய்வது இரண்டு மூன்று வருடத்தில் தெரியும். ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளில் சாதாரண வெப்பநிலைக்கும் 'ஹாட்ஸ்பாட்'டுக்கும் (சிப்பில் மிகச் சூடான புள்ளி) இடைவெளி 15, 20 டிகிரி இருந்தது 30ஐத் தாண்டினால் பேஸ்ட் மாற்றும் நேரம். உத்தரவாதம் மீதமிருந்தால் திறக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொடுங்கள்.

இன்று புதிதாகக் கூட்டுவதா? 2025 இறுதியில் ராம் விலை தாறுமாறாக ஏறியதிலிருந்து பழைய கணக்கு உடைந்துவிட்டது. டிடிஆர்4 ராம் கையில் உள்ளவருக்கு ஏஎம்4 (5600 உட்காரும் சாக்கெட்) இன்னும் நியாயமான வழி. ராம் உட்பட எல்லாமே புதிதாக வாங்குபவர் அடுத்த தலைமுறையான ஏஎம்5 விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அந்த சாக்கெட்டில் பின்னால் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள இடமிருக்கிறது. பழைய ஆர்எக்ஸ் 6600 வாங்கினால் கடையிலேயே அரை மணி நேரம் லோடில் ஓட்டி ஹாட்ஸ்பாட்டைப் பாருங்கள், டிஸ்பிளே போர்ட், எச்டிஎம்ஐ எல்லாவற்றையும் தனித்தனியே செருகிப் பாருங்கள். புதிதோ பழையதோ, ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் எண் எழுதச் சொல்லுங்கள். 'கம்ப்யூட்டர் செட் 1' என்று ஒரே வரியில் போட்ட பில்லை வைத்துக்கொண்டு எஸ்எம்பிஎஸ் உத்தரவாதம் கேட்டுப் போனால் வாதாடத்தான் நேரம் போகும்.