மோன்ட்ரியன் கண்காட்சி: கட்டங்களுக்கு முன்னால் ஒரு காற்றாலை இருந்தது

ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் கே20 கலை அருங்காட்சியகத்தில் நடந்த 'மோன்ட்ரியன். எவல்யூஷன்' கண்காட்சியைப் பார்த்தேன். 2023 பிப்ரவரியோடு அது முடிந்துவிட்டது. டச்சு ஓவியர் பீட் மோன்ட்ரியன் பிறந்தது 1872-இல், அந்த 150 ஆண்டுகளை ஒட்டித்தான் இந்த ஏற்பாடு. முதலில் சுவிட்சர்லாந்தின் பயேலர் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள், அப்புறம் இங்கே வந்தது.

மோன்ட்ரியன் என்றதும் கறுப்புக் கோடுகளும் சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்களும்தான் ஞாபகம் வரும். 1965-இல் ஆடை வடிவமைப்பாளர் இவ் சாங் லோரான் அந்தக் கட்டங்களை உடையாகவே தைத்துவிட்டார், அதற்குப் பிறகு பை, குவளை என்று அவை ஏறாத பொருளே இல்லை. ஸ்கேலும் பெயின்டும் இருந்தால் யார் வேண்டுமானாலும் இதை வரையலாமே என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களைத்தான் முதலில் இங்கே கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் ஆரம்பகால மோன்ட்ரியன் அசல் டச்சு நிலக்காட்சி ஓவியர். காற்றாலை, மணல்மேடு, கடல், தண்ணீரில் நிழல் விழும் பண்ணைவீடு, இவைதான் அவர் உலகம். பண்ணைவீட்டுப் படங்கள் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். கரை ஒரு கிடைக்கோடு, மரங்கள் செங்குத்துக் கோடுகள், அதே மரங்கள் தலைகீழாகத் தண்ணீருக்குள் நீள்கின்றன, வானம் கிளைகளுக்கு நடுவே துண்டு துண்டாகத் தெரிகிறது. பிற்காலத்தில் அவர் செய்யப்போகும் எல்லாமே இங்கே சேறும் மூட்டமுமாக ஏற்கெனவே இருக்கிறது! பழைய படங்களையும் பிந்தைய அரூப ஓவியங்களையும் சேர்த்துப் பார்க்கும்படி வைத்திருந்ததால்தான் இது கண்ணில் பட்டது; வெறுமனே ஆண்டு வரிசையில் மாட்டியிருந்தால் இவ்வளவு பிடிபட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

1908 வாக்கில் நிறம் பற்றிக்கொள்கிறது, மரமும் ஆலையும் சிவப்பாகவும் நீலமாகவும் எரிய ஆரம்பிக்கின்றன. 1911 கடைசியில் பாரிஸ் போகிறார், பெயரில் (Mondriaan) இருந்த ஓர் 'a'-வை எடுத்துவிடுகிறார், பொருட்களைக் கோணத் துண்டுகளாக உடைத்து வரையும் க்யூபிசத்தைப் பார்க்கிறார், படங்கள் சாம்பலும் பழுப்புமாக அடங்கிவிடுகின்றன. இந்தக் காலத்துப் படங்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. க்யூபிசத்தைத் தொடங்கிய பிக்காசோவும் பிராக்கும் பேசிய மொழியை இவர் கஷ்டப்பட்டுப் படிக்கிற மாதிரிதான் தெரிகிறது. ஆனால் இதைத் தாண்டாமல் 1920-க்குப் பிந்தைய கட்டங்களுக்கு அவர் வந்திருக்க முடியாது என்பதும் புரிகிறது.

அந்தக் கட்டங்களை நேரில் பார்ப்பது தனி அனுபவம். அச்சில் தட்டையாகத் தெரியும் வெள்ளை, நேரில் ஒரே வெள்ளை இல்லை. ஒரு கட்டத்தில் தூரிகை மேலும் கீழுமாகப் போயிருக்கிறது, பக்கத்துக் கட்டத்தில் குறுக்காக, ஒன்று கொஞ்சம் நீலம் பாய்ந்தது, இன்னொன்று சாம்பல். சில கறுப்புக் கோடுகள் கேன்வாஸ் விளிம்பைத் தொடாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகின்றன. எங்கே நிறுத்துவது என்று அந்த மனிதர் எவ்வளவு யோசித்திருப்பார்!

கடைசியாக, செய்திகளில் அடிபட்ட 'நியூயார்க் சிட்டி 1'. 1941-இல் வண்ண ஒட்டுநாடாக்களை வைத்து அவர் செய்து, முடிக்காமல் விட்டது. பல பத்தாண்டுகளாக இது தலைகீழாகத்தான் மாட்டப்பட்டிருக்க வேண்டும் என்று கண்காட்சித் தொகுப்பாளர் சூசன்னே மேயர்-பியூசர் சொன்னார். 1944-இல் மோன்ட்ரியனின் ஸ்டுடியோவில் எடுத்த புகைப்படத்தில் கோடுகள் நெருக்கமாக இருக்கும் பக்கம் மேலே இருக்கிறது, கண்காட்சியில் அது கீழே இருந்தது. திருப்பி மாட்டினால் பழைய நாடாக்கள் பிய்ந்துவிடலாம் என்பதால் அப்படியே விட்டிருந்தார்கள். அது சரியான முடிவு. ஆனால் அந்தப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் படத்தை மனதுக்குள் திருப்பிப் பாருங்கள். நெரிசல் மேலே போனதும் படத்துக்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது, எனக்கு அதுதான் பிடித்தது.

மோன்ட்ரியன் படங்களை எங்கே பார்த்தாலும் ஆரம்பகாலப் படங்களிடம் அவசரப்படாதீர்கள். அங்கே பலரும் நேராகச் சிவப்பு நீலக் கட்டங்களைத் தேடி ஓடினார்கள், காற்றாலைகளை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.