உப்பளத்துக்கு கியர் பம்பா, இம்பெல்லர் பம்பா?

வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்கு கடத்தண்ணி இறைக்க கியர் பம்ப் (ரெண்டு பல்சக்கரம் கோத்து சுத்தி தண்ணிய தள்ளுற வகை) போடலாமானு மச்சான் கேட்டான், சுரங்கத்துல தேங்குற தண்ணியவே அதுல எடுக்கலாம்னு யாரோ சொல்லிருக்காங்க. எடுக்கலாம்தான், ஆனா பல்சக்கரத்துக்கும் அத மூடியிருக்குற வெளிக்கூட்டுக்கும் நடுவுல மயிரிழை இடைவெளிதான், ஆயில்னா அதுவே வழவழப்பு குடுக்கும், தண்ணிக்கு அந்த குணம் கிடையாது, கூட நம்ம கரை மணலும் சேந்தா பல்லு தேஞ்சு தண்ணி உள்ளயே பின்னாடி கசிஞ்சிரும், அப்புறம் மோட்டார் சும்மா சுத்தும். நீடிச்சு உழைக்கணும்னா மெதுவா சுத்தவிடணும், உறிஞ்சுற பக்கம் வடிகட்டி வேணும், வார்ப்பிரும்பு உப்புல அரிக்கும்ங்கறதால கன்மெட்டலோ (வெண்கல வகை) 316 ஸ்டீலோ (எவர்சில்வர் வகை) வாங்கணும், தண்ணி வெளிய போற டெலிவரி வால்வ மறந்து மூடிட்டு ஓட்டுனா பிரஷர் ஏறி எதாவது ஒடையும், அதுக்கு, பிரஷர் கூடுனா தானா திறக்குற ரிலீஃப் வால்வு வேற. செலவு எங்கயோ போயிரும்.

இம்பெல்லர் பம்ப்லயும் (உள்ள இறக்கைச் சக்கரம் வேகமா சுத்தி தண்ணிய வீசித் தள்ளுற வகை) கன்மெட்டல் செலவு உண்டு, ஆனா இடைவெளி தாராளம், கொஞ்சம் மணல் போனா தாங்கும். ஃபுட்வால்வு (உறிஞ்சுற குழாய் அடியில தண்ணி திரும்பாம தடுக்குறது) லீக்கானா காலைல பக்கெட்டோட நின்னு தண்ணி ஊத்தி நிரப்பி பிரைமிங் பண்ணணும், அது ஒரு இம்சை (போன வருசம் பூரா நான் அதத்தான் பண்ணேன்). உயரம் கூடுனா தண்ணி குறையும், ஆனா நமக்கு தூக்குற உயரம் ஆள் மட்டம்கூட இல்ல.

என் ஓட்டு இம்பெல்லருக்கு. கியர் பம்ப் வேணும்னா படகுக்கு டீசல் மாத்த வச்சுக்கட்டும்.