வெர்கேரா, குனியேடாவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலுள்ள சாட்ஸ்வர்த்தில் சக்கர நாற்காலி டென்னிஸ் பழகத் தொடங்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள், "ஓய்வு பெற்றவர்களில் யார் ஆட்டத்தைப் போட்டுக் காட்டலாம், அண்ணா?" என்று கேட்பார்கள். பேச்சு கடைசியில் இந்த இருவரில்தான் வந்து நிற்கும்.

கணக்கை மட்டும் பார்த்தால் நெதர்லாந்தின் எஸ்தர் வெர்கேர்தான். 2003 ஜனவரிக்குப் பிறகு ஒற்றையரில் தோல்வியே இல்லை. 2013 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்தபோது தொடர்ந்து 470 வெற்றி. ஆனால் பல ஆட்டங்கள் ஒருதலைப்பட்சமானவை, பழகுகிறவருக்கு அதில் பிடிக்க அதிகமில்லை. 2008 பெய்ஜிங் பாராலிம்பிக் இறுதி ஆட்டம் வேறு ரகம்: கோரி ஹோமனிடம் ஒரு புள்ளியில் தோற்கும் நிலைவரை போய், மூன்றாம் செட்டின் டைபிரேக்கில் (செட் சமநிலையானால் ஆடும் முடிவு ஆட்டம்) தப்பினார்.

ஜப்பானின் ஷிங்கோ குனியேடா தோற்றும் இருக்கிறார். அதனாலேயே என் ஓட்டு அவருக்கு. 2016இல் முழங்கையில் அறுவை சிகிச்சை, ரியோவில் ஒற்றையர் பதக்கம் இல்லை. அப்புறம் டோக்கியோவில் தங்கம். 2022இல் ஆல்ஃபி ஹெவெட்டை வென்று, அதுவரை கைக்கு எட்டாத விம்பிள்டன் ஒற்றையர் பட்டமும் வந்தது. 2023 ஜனவரியில் ஓய்வு.

இந்த ஆட்டத்தில் பந்து இரண்டு முறை துள்ளலாம். இரண்டாவது துள்ளல் கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் சரி. குனியேடா பல சமயம் அதற்குக் காத்திருக்கமாட்டார். அந்த நேரத்தில் அவர் சக்கரத்தை எப்படித் திருப்புகிறார் என்று பாருங்கள், பந்தை அல்ல.

கையிலும் வலுக் குறைந்த பிள்ளை என்றால் இருவரையும் விடுங்கள். நம்ம குவாசூலு-நட்டால்காரர் லூக்கஸ் சித்தோலே, ஒற்றைக் கையோடு 2013 யுஎஸ் ஓப்பன் குவாட் (கைகளிலும் குறைபாடுள்ளவர்களுக்கான பிரிவு) பட்டம் வென்ற ஆட்டத்தைத் தேடிப் போடுங்கள்.