ரெசிடியூத் தொடுகைகளை எண்ண கைமெராஎக்ஸ், பைமோல், பயோபைதன், ரிங்: நீண்ட பாவனைக்குப் பின்

வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் விஞ்ஞானம் படித்து, இறுதியாண்டு ஆய்வுக்குப் புரதக் கட்டமைப்பைக் கையில் எடுப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, சங்கிலியிலுள்ள எந்த அமினோவமிலம் (ரெசிடியூ) எதைத் தொடுகிறது என்று பார்க்க எந்த மென்பொருள் நல்லது என்பதுதான். 8 ஜிபி ரேம் லப்டொப், தனிக் கிராபிக்ஸ் கார்ட் கிடையாது, இணையம் கைபேசி ஹொட்ஸ்பொட்டில். அந்த அளவு வசதிக்குள் நெடுநாள் பாவித்துக் கண்டது கீழே இருக்கிறது. கிளஸ்டர் (பல கணினிகளை இணைத்த தொகுதி) வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கண்ணால் பார்த்து விளங்கிக்கொள்ள கைமெராஎக்ஸ். எண்ணி அட்டவணை போட பயோபைதன். அச்சுக்குப் படம் எடுக்க பைமோல். தொடுகைகளை வகை பிரிக்க ரிங். ஒன்றைத்தான் நிறுவ முடியும் என்றால் கைமெராஎக்ஸ்.

நான்கையும் ஒரே கோப்பில் ஓடவிட்டால் நான்கு விதமான எண்ணிக்கை வரும். எதுவும் பழுதாகவில்லை, ஒவ்வொன்றும் தொடுகையை வேறு விதமாக வரையறுக்கிறது. கட்டமைப்பு எதிர்வுகூறல் போட்டியான காஸ்ப்பில் இரண்டு பீற்றாக் காபன்களுக்கு (பக்கச் சங்கிலியின் முதல் காபன்) இடையே 8 அங்ஸ்ட்ரொமுக்குக் (ஒரு மீற்றரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் அங்ஸ்ட்ரொம்) குறைவாக இருந்தால் தொடுகை (கிளைசினுக்குப் பீற்றாக் காபன் இல்லாததால், முதுகுச் சங்கிலியிலுள்ள அல்பாக் காபன்). ஐதரசன் தவிர்ந்த எந்த இரண்டு அணுக்களும் 4.5 அங்ஸ்ட்ரொமுக்குள் வந்தால் போதும் என்பது இன்னொரு வழக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகாது. ஆர்ஜினினுக்கும் குளூட்டமேற்றுக்கும் கை நீளம். பீற்றாக் காபன்கள் 8 அங்ஸ்ட்ரொமுக்கு அப்பால் நிற்க, நுனிகள் 3 அங்ஸ்ட்ரொமில் உப்புப் பாலம் (எதிரெதிர் ஏற்றங்களுக்கு இடையிலான பிடிப்பு) போட்டிருக்கும். மறுபக்கம், பீற்றாக் காபன்கள் 7 அங்ஸ்ட்ரொமில் இருந்தும் பக்கச் சங்கிலிகள் எதிரெதிர்த் திசையில் நீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. மடிப்பின் மொத்த அமைப்பை ஒப்பிட 8 அங்ஸ்ட்ரொம் வரைபடம் போதும். ஒரு மரபணு மாற்றம் எந்தப் பிணைப்பை உடைக்கும் என்று எழுத வேண்டுமென்றால் அணு மட்டத்துக்கு இறங்கத்தான் வேண்டும்.

கைமெராஎக்ஸின் ‘கொன்டாக்ட்ஸ்’ கட்டளை தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை. இரு அணுக்களின் வந்தர்வால்ஸ் ஆரைகளைக் கூட்டி, அதிலிருந்து நடுவிலுள்ள தூரத்தைக் கழித்து, மேற்பொருந்துகையைக் கணிக்கிறது. இயல்பான எல்லை −0.4. அதாவது அணுக்களின் பரப்புகளுக்கு இடையே 0.4 அங்ஸ்ட்ரொம் வெளி இருந்தாலும் தொடுகையாகவே எண்ணும். ‘கிளாஷஸ்’ கட்டளையும் இதே கணக்குத்தான், எல்லை 0.6 ஆக உயர்ந்து, ஐதரசன் பிணைப்புக்கு 0.4 விட்டுக்கொடுப்பும் சேர்கிறது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று: கோப்பில் ஐதரசன்கள் இல்லாதபோது, அவற்றையும் உள்ளடக்கிய பெரிய ஆரைகளை மென்பொருள் காபன்களுக்குக் கொடுக்கிறது. ‘ஆட்எச்’ கட்டளையால் ஐதரசன் சேர்த்ததும் காபனின் ஆரை சுருங்கும், புதிய அணுக்களும் கணக்குக்குள் வரும். ஆகவே சேர்ப்பதற்கு முன் எடுத்த எண்ணையும் பின் எடுத்த எண்ணையும் ஒரே அட்டவணையில் போடக் கூடாது. காட்டுவகைப் புரதத்துக்கு (மரபணு மாற்றம் இல்லாதது) ஒரு நாளும் மாற்றுவகைக்கு இன்னொரு நாளும் ஓடவிடும்போது இந்தப் பிழை சத்தமில்லாமல் நுழைந்துவிடும்.

இரண்டு சங்கிலிகளுக்கு இடையில் மட்டும் பார்க்க ஏ சங்கிலியைக் குறித்து, ‘ரெஸ்ட்ரிக்ட்’ போட்டு பி சங்கிலியைக் கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் ஏ சங்கிலியின் சொந்த மடிப்புத் தொடுகைகளும் வந்து குவியும். ‘டிஸ்டன்ஸ்ஒன்லி’ என்று ஒரு எண் கொடுத்தால் ஆரைக் கணக்கை விட்டுத் தூரத்தை மட்டும் பார்க்கும். பயோபைதன் முடிவோடு ஒப்பிட இதுதான் வழி. முடிவைக் கோப்பாகச் சேமிக்கும் தெரிவும் உண்டு. குறை என்றால் கிராபிக்ஸ். ஓபன்ஜிஎல் 3.3 கேட்கும், ஆய்வுகூடங்களில் கிடக்கும் பழைய கணினிகளில் திறக்காமலே போகலாம். அங்கே ‘நோகுய்’ முறையில் திரையில்லாமல் கட்டளைக் கோப்பை ஓட்டிவிடலாம்.

பைமோல் அழகு. ஆனால் அதன் மஞ்சள் புள்ளிக்கோடுகளை எண்ணி ஆய்வறிக்கையில் எழுதுவதை ஏற்க முடியாது. ‘போலார் கொன்டாக்ட்ஸ்’ கோணம் நன்றாக இருந்தால் 3.6 அங்ஸ்ட்ரொம் வரையும், கோணம் மோசமாகும்போது 3.2 வரையும் கோடு போடும். எந்த அணு எதோடு என்ற பட்டியலை அது தானாகத் தராது, சிறு நிரல் எழுதித்தான் எடுக்க வேண்டும். காசு கொடுக்காமல் பாவிக்க திறந்த மூலப் பதிப்பு இருக்கிறது.

வேலையின் முதுகெலும்பு பயோபைதன். எம்எம்சிஐஎப் கோப்பைத் (அணுக்களின் இடங்களைப் பதியும் வடிவம்) திறந்து, முதல் மொடலை எடுத்து, நீரையும் லிகண்டையும் (புரதத்தோடு ஒட்டியுள்ள வேறு மூலக்கூறு) ஐதரசனையும் கழித்து, மீதி அணுக்களை அருகிலுள்ளவற்றைத் தேடும் ‘நெய்பர்சேர்ச்’சிடம் கொடுத்து, 4.5 அங்ஸ்ட்ரொமில் ரெசிடியூ மட்டத்தில் தேடச் சொன்னால் சோடிகள் வந்துவிடும். எல்லா அணுச் சோடிகளுக்கும் தூரத் தாயம் கட்டுவது சிறிய புரதத்துக்குச் சரி. 20,000 அணுக்கள் என்றால் அந்தத் தாயம் மட்டும் 3.2 ஜிபி பிடிக்கும், 8 ஜிபி லப்டொப் மூச்சுவாங்கும். நெய்பர்சேர்ச் உள்ளே கேடி மரம் (அணுக்களை இட வாரியாகப் பிரித்து வைக்கும் அமைப்பு) வைத்துத் தேடுவதால் அந்தச் சுமை இல்லை.

வழுக்கும் இடங்கள் இதில்தான் அதிகம். ‘ஹெட்டரோ’ (வழமையான அமினோவமிலம் அல்லாதது) என்று குறித்த எல்லாவற்றையும் வெட்டினால் செலீனோமெதியோனினும் சேர்ந்து போய்விடும். கட்டமைப்பைத் தீர்ப்பதற்காக மெதியோனினுக்குப் பதில் வைக்கப்பட்ட அது, பெரும்பாலும் புரதத்தின் உட்கருவில்தான் உட்கார்ந்திருக்கும். அதை இழந்தால் நீர்வெறுப்புத் தொடுகைகளில் ஓட்டை விழும். அடுத்தது பக்கத்து ரெசிடியூக்கள். சங்கிலியில் அடுத்தடுத்து இருப்பவை எப்படியும் தொடும் என்பதால், எண் வித்தியாசம் 3 வரை உள்ளவற்றைக் கழிப்பது நல்லது. 4 வரை கழித்தால் அல்பாச் சுருளின் தொடுகைகள் போய்விடும். ஆனால் அந்த வித்தியாசத்தைக் கோப்பிலுள்ள எண்ணை வைத்துக் கணிக்காதீர்கள். பிறபொருளெதிரிகளில் 82, 82ஏ, 82பி, 82சி என்று இடைச்செருகல் எழுத்துகள் வரும். நான்குக்கும் எண் ஒன்றே. சங்கிலியில் எத்தனையாவது இடம் என்று தனியாக எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு எம்எம்சிஐஎப்பில் ஒரே ரெசிடியூவுக்கு ஆசிரியர் கொடுத்த எண் ஒன்று, லேபல் எண் இன்னொன்று என்று இரண்டு இருக்கும். பயோபைதன் இயல்பாக ஆசிரியர் எண்ணை எடுக்கும். வேறு நிரலின் வெளியீட்டோடு சேர்க்கும்போது இது இடிக்கும்.

மாற்று நிலைகளும் உண்டு. ஒரு பக்கச் சங்கிலி ஏ, பி என்று இரண்டு நிலைகளில் பதிவாகியிருந்தால் பயோபைதன் அதிக ஒக்குபென்சி (அந்த நிலையில் இருக்கும் பங்கு) உள்ளதை எடுக்கும். கையால் எழுதிய நிரல்கள் இரண்டையும் எடுத்து, ஒரே நேரத்தில் இருக்கவே முடியாத இரண்டு நிலைகளுக்கு இடையே தொடுகை இருப்பதாகச் சொல்லிவிடும்.

புதிய நிரலைப் பரீட்சிக்க கோழிமுட்டை வெள்ளைக்கரு லைசோசைம் போதும். 129 ரெசிடியூ, ஒரே சங்கிலி, நான்கு இருசல்பைட்டுப் பிணைப்புகள்: 6–127, 30–115, 64–80, 76–94. கந்தக அணுக்களுக்கு 2.5 அங்ஸ்ட்ரொம் எல்லை வைத்தால் இந்த நான்கும் வர வேண்டும், ஐந்தாவது வரக் கூடாது. இதைத் தாண்டாத நிரலை நம்பி மேலே போக வேண்டாம்.

கடினமான பரீட்சை ஈமோகுளோபின். புரதத் தரவு வங்கியான பிடிபியில் ஒட்சிசன் இல்லாத மனித ஈமோகுளோபினின் குறியீடு 2எச்எச்பி, ஒட்சிசன் ஏற்றதன் குறியீடு 1எச்எச்ஓ. இரண்டையும் இறக்கி அப்படியே ஒப்பிட்டால் ஒட்சிசன் ஏற்றதில் பாதித் தொடுகைகளைக் காணோம் என்று வரும். காரணம், 1எச்எச்ஓ கோப்பில் இருப்பது ஓர் அல்பாவும் ஒரு பீற்றாவும் மட்டும். நான்கு சங்கிலியுள்ள மூலக்கூறைப் பெற உயிரியல் தொகுதிக் கோப்பை எடுக்க வேண்டும். அதிலும் பழைய பிடிபி வடிவத்தை எடுத்தால் இரண்டாவது பாதி இன்னொரு மொடலாக, அதே சங்கிலிப் பெயர்களோடு வரும். முதல் மொடலை மட்டும் எடுக்கும் பயோபைதன் நிரல் மறுபடியும் பாதியைத்தான் பார்க்கும். கைமெராஎக்ஸும் உபமொடல்களுக்கு இடையிலான தொடுகையைத் தனியாகக் கேட்டால்தான் எண்ணும். எம்எம்சிஐஎப் வடிவத் தொகுதியை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்த பொறி உப்புப் பாலம். ஒட்சிசன் இல்லாத நிலையில் பீற்றாச் சங்கிலியின் கடைசி ஹிஸ்டிடின் 146, தன் வளையத்தால் அதே சங்கிலியின் அஸ்பார்ட்டேற்று 94ஐயும், தன் முனைக் காபொட்சிலால் மற்ற அல்பா–பீற்றாச் சோடியின் அல்பாச் சங்கிலியிலுள்ள லைசின் 40ஐயும் பிடித்திருக்கும். பாடப்புத்தகம் சொல்லும் இந்த இரண்டும் வராத நிரல்கள் நிறைய. பக்கச் சங்கிலிகளை மட்டும் பார்ப்பதால் முனைக் காபொட்சில் கணக்கில் வராது. ஏற்றமுள்ளவை லைசினும் ஆர்ஜினினும் மட்டும் என்று எழுதியிருந்தால் ஹிஸ்டிடினும் விடுபடும். நைதரசனுக்கும் ஒட்சிசனுக்கும் இடையே 4 அங்ஸ்ட்ரொம் எல்லை வைத்து, சங்கிலி முனைகளையும் ஹிஸ்டிடினையும் சேர்த்தால் இரண்டும் வரும்.

ரிங் இணையத்தில் ஓடும் கருவி. கோப்பை ஏற்றினால் ஐதரசன் பிணைப்பு, வந்தர்வால்ஸ், இருசல்பைட்டு, உப்புப் பாலம், வளைய அடுக்கு என்று பிரித்து வலையமைப்பாகத் தரும், வலையமைப்புகளை வரையும் சைட்டோஸ்கேப் மென்பொருளில் திறக்கலாம். கண்டிப்பான எல்லை, தளர்ந்த எல்லை என்று இரண்டு உண்டு. எதைத் தெரிந்தீர்கள் என்பதைக் குறித்து வைக்காவிட்டால் அந்த எண்ணைப் பிறகு யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

அல்பாபோல்ட் (கட்டமைப்பை எதிர்வுகூறும் செயற்கை நுண்ணறிவு) மொடல்களுக்கு ஒரு சொல். அவற்றின் கோப்பில் பி-காரணிக்குரிய பத்தியில் இருப்பது நம்பிக்கை மதிப்பெண். 70க்குக் குறைந்த ரெசிடியூக்களின் தொடுகைகளை எடுக்காமல் விடுங்கள். 50க்குக் கீழே கயிறாகத் தொங்கும் பகுதி தற்செயலாக எதையும் உரசிக்கொண்டு நிற்கும்.

குரோமாக்ஸ் மென்பொருளில் மூலக்கூறுகளின் அசைவைக் கணித்து, தொடுகை நேரத்தில் எத்தனை வீதம் நீடிக்கிறது என்று பார்ப்பவர்களுக்கு: 100 நானோசெக்கனை 10 பிக்கோசெக்கனுக்கு ஒன்றாக எழுதினால் 10,000 பிரேம் சேரும். 100 பிக்கோசெக்கனுக்கு ஒன்று என்றால் 1,000. தொடுகை வீதத்துக்கு இது தாராளம், டிஸ்க்கும் தாங்கும். கரண்ட் போனாலும் பெரிய நட்டமில்லை. 15 நிமிடத்துக்கு ஒரு முறை செக்பொயின்ட் தானாக எழுதப்படும், ‘சிபிஐ’ தெரிவோடு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் அந்த இடைவெளியை 5 நிமிடமாக்கலாம். இரண்டு சங்கிலிகளுக்கு இடையிலான தொடுகைகள் ஒரு பிரேமில் எல்லாமே பூச்சியமாகி அடுத்ததில் திரும்பி வந்தால், ஒரு சங்கிலி கணிப்புப் பெட்டியின் விளிம்பைத் தாண்டி மறுபக்கம் வந்திருக்கிறது. முதலில் மூலக்கூறுகளை முழுதாக்கி, பிறகு விளிம்புத் தாவலை நீக்கும் ‘நோஜம்ப்’ போட்டு, அதன் பிறகே எண்ண வேண்டும். நோஜம்ப் தொடக்கப் பிரேமை அப்படியே நம்பும். அங்கேயே சங்கிலிகள் பிரிந்து கிடந்தால் கடைசி வரை பிரிந்தேதான் கிடக்கும்.