ஸ்டார் கவுண்டி யார் பக்கம்? அதிபர் வாக்கா, உள்ளூர் வாக்கா

மெக்சிகோவை ஒட்டி, ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் கிடக்கும் டெக்சாஸ் கிராமப்புறக் கவுண்டி (அமெரிக்காவில் மாவட்டம் மாதிரி) இது. மக்கள் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர். இங்கே எந்த முடிவைப் பார்த்து அரசியலை எடைபோடுவது? அதிபர் தேர்தலா, ஷெரீஃப் (கவுண்டியின் காவல் தலைவர்) போன்ற உள்ளூர் பதவிகளுக்கான தேர்தலா?

மாற்றம் தெரிய:
அதிபர் வாக்கு – ஜனநாயகக் கட்சியில் 2016இல் ஹிலாரி கிளின்டனுக்கு சுமார் 79%, 2020இல் பைடனுக்கு 52%. 2024இல் குடியரசுக் கட்சியின் டிரம்ப் சுமார் 58% வாங்கி ஜெயித்தார். அந்தக் கட்சிக்கு அதிபர் தேர்தலில் இங்கே 1892க்குப் பிறகு இதுதான் முதல் வெற்றி. எட்டே வருடத்தில் இப்படித் தலைகீழ்!
உள்ளூர் வாக்கு – மெதுவாகத்தான் நகரும்.

வேர் தெரிய:
அதிபர் வாக்கு – விலைவாசி, எண்ணெய் வயல் வேலை, எல்லைக் காவல் பற்றிய கோபம் தெரியும். கட்சிப் பற்று தெரியாது.
உள்ளூர் வாக்கு – பல காலமாக ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே பதவிகள் முடிவாகிவிடும். அங்கே குடும்பமும் பழக்கமும்தான் பேசும்.

டெக்சாஸில் வாக்காளர் கட்சி பெயரில் பதிவதில்லை. ஆகவே வாக்காளர் பட்டியலைப் பார்த்து யார் எந்தக் கட்சி என்று கணக்குப் போடுவது வீண்.

சரி, நாட்டு அலையை அளக்க அதிபர் வாக்கு. அங்கே ஷெரீஃப் பதவிக்கு நிற்கப்போகிறவருக்கு உள்ளூர் வாக்கு. 2024இல் டிரம்புக்குச் சாய்ந்த இதே வட்டார நாடாளுமன்றத் தொகுதியில்தான் ஜனநாயகக் கட்சியின் ஹென்றி குவெல்லார் மறுபடி ஜெயித்தார்.