பழைய ஆட்டோ பைலட்டுக்கு ஹைட்ராலிக் பம்ப்: மூன்று மாதம் ஓட்டிய பிறகு

முந்தைய பாய்மரப் படகிலிருந்து கழற்றிய டில்லர் பைலட் (சுக்கானின் கைப்பிடியைத் தள்ளி இழுத்துப் படகைத் தானாகத் திசையில் வைக்கும் சின்ன ஆட்டோ பைலட்) ஒன்று என்னிடம் சும்மா கிடந்தது. திசைகாட்டி, சர்க்யூட் எல்லாம் நல்ல நிலையில். இப்போதைய படகில் இருப்பதோ ஹைட்ராலிக் ஸ்டீயரிங். சக்கரத்தைத் திருப்பினால் ஆயில் ஓடி, பின்னால் இருக்கும் சிலிண்டர் சுக்கானைத் தள்ளும். டில்லர் பைலட்டின் குட்டிக் கைக்கு இங்கே வேலையே இல்லை. அதற்குப் பதிலாக இரு திசையிலும் சுழலும் 12 வோல்ட் பம்ப் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன்.

வாங்குமுன் சிலிண்டரை அளந்துவிடுங்கள். என்னுடையது உள்விட்டம் 32 மி.மீ., இரு பக்கமும் நீளும் தண்டு 16 மி.மீ., ஓட்டம் (தண்டு நகரும் தூரம்) 180 மி.மீ. கணக்குப் போட்டால் ஒரு முழு ஓட்டத்துக்குச் சுமார் 109 சி.சி. ஆயில் வருகிறது. நிமிடத்துக்கு 0.6 லிட்டர் தள்ளும் பம்ப் என்றால் சுக்கான் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக 11 விநாடி. சின்னப் படகுக்கு அது அளவான வேகம். ஒரு லிட்டர் பம்ப் போட்டிருந்தால் ஆறரை விநாடியில் பாய்ந்து, படகு பாம்பு மாதிரி நெளிந்திருக்கும்.

பொருத்திய அன்று பட்டனை அழுத்தினேன். பம்ப் உறுமியது, சுக்கான் அசையவில்லை. திரும்பிப் பார்த்தால் ஸ்டீயரிங் சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது! என் ஹெல்ம் பம்பில், அதாவது சக்கரத்தோடு இருக்கும் கைப் பம்பில், லாக் வால்வு (ஆயில் சக்கரத்தின் பக்கம் திரும்பாமல் தடுப்பது) கிடையாது. தள்ளிய ஆயில் முழுக்க எதிர்ப்பு குறைந்த பக்கம் போய்விட்டது. 'எல்லா ஹைட்ராலிக் ஸ்டீயரிங்குக்கும் பொருந்தும்' என்று எழுதி விற்றவர்கள் இந்த ஒரு வரியைச் சேர்த்திருக்க வேண்டாமா? தனியாக ஒரு லாக் வால்வு வாங்கிப் போட்ட பிறகுதான் சுக்கான் கேட்டது.

மின்சாரப் பக்கம் சுலபமாக முடிந்தது. டில்லர் பைலட்டின் மோட்டார் வயர் சின்ன கரண்டுக்கானது. பம்ப் 10 ஆம்பியர் இழுக்கும், நேராகக் கொடுத்தால் உள்ளே கருகிவிடும். அதனால் கார் ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) இரண்டு, திசைக்கு ஒன்று, காயிலுக்கு டயோடு. என் கருவி முழு 12 வோல்ட்டை விட்டு விட்டுக் கொடுப்பதால் இது போதும். வோல்ட்டை வேகமாக வெட்டி வேகம் குறைக்கும் வகையாக இருந்தால் ரிலே படபடக்கும், மோட்டார் டிரைவர் சர்க்யூட்தான் வேண்டும். பழைய கையின் நிலையைச் சொன்ன பொட்டன்ஷியோமீட்டருக்குப் பதிலாக அதே அளவுள்ள ஒன்றைச் சுக்கான் தண்டோடு இணைத்தேன். அது இல்லாவிட்டால் சுக்கான் எங்கே நிற்கிறது என்று பைலட்டின் மூளைக்குத் தெரியாது.

முதலில் 2.5 சதுர மி.மீ. வயர் இழுத்திருந்தேன். பாட்டரியில் 12.4 வோல்ட், பம்ப் முனையில் 11.2 தான். 6 சதுர மி.மீ. மாற்றியதும் 11.9 வந்தது, பம்பின் முக்கலும் நின்றது. இந்த வயரைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், பம்ப் ஓடும்போதெல்லாம் முள் விலகும்.

உயிரை எடுத்தது காற்றுதான். பம்பில் சிலிண்டர் பக்கம் போகும் இரண்டைத் தவிர்த்த மூன்றாவது ஓஸ், அதாவது ஹெல்ம் பம்பின் ஆயில் தொட்டிக்குப் போகும் மெல்லியது, வழியில் எங்கும் தொங்காமல் மேல்நோக்கியே ஏற வேண்டும். நான் ஒரு வளைவு விட்டிருந்தேன். அதில் குமிழி தங்கி, சக்கரம் பஞ்சு மாதிரி அமுங்கியது. ஓஸை நிமிர்த்தி, சக்கரத்தை இரு கோடிக்கும் மெதுவாகத் திருப்பித் திருப்பி ஒரு மாலை முழுக்கக் காற்று எடுத்தேன். ஆயில் ஸ்டீயரிங் தயாரிப்பாளர் சொல்வதுதான். பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் உப்பிக் கெட்டுவிடும். இணைப்புகளில் டெஃப்லான் டேப்பும் வேண்டாம், பிசிர் உடைந்து வால்வில் சிக்கும்.

பம்பைப் பற்றிக் குறை என்றால் சத்தம் ஒன்றுதான். படுக்கைக்கு அடியில் வைத்தால் தூக்கம் போகும். ரப்பர் அடித்தளம் போட்டுக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். பைலட்தான், பின்னாலிருந்து அலை தள்ளும்போது இன்னும் தேவைக்கு அதிகமாகத் திசையைத் திருத்துகிறது. அப்போது கெயினை (எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்ற அமைப்பை) குறைப்பேன், இல்லை ஸ்டாண்ட்பையில் போட்டு நானே சக்கரத்தைப் பிடிப்பேன். கிளட்ச் எதுவும் கழற்ற வேண்டியதில்லை, உடனே கைக்கு வந்துவிடுகிறது.