பாங்காக்கில் "அரண்மனை இன்று மூடல்" என்று யாராவது சொன்னால் நிற்காமல் நடங்கள்

பாங்காக் போகிறவர்கள் முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மரகத புத்தர் இருக்கும் வாட் ப்ரா கியோ கோவிலும் அது அமைந்திருக்கும் கிராண்ட் பேலஸும் தினமும் காலை 8.30 மணிக்குத் திறக்கும். மாலை 3.30 வரை டிக்கெட் கொடுப்பார்கள். வெளிநாட்டவருக்கு 500 பாத். ஞாயிறு, பௌர்ணமி, புத்த பண்டிகை என்று எதற்கும் விடுமுறை கிடையாது. அரச குடும்பத்து நிகழ்ச்சிக்காக அபூர்வமாக மூடுவது உண்டு. அதையும் டிக்கெட் கவுன்டரில் இருக்கும் ஊழியர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், சாலையில் எதிரே வருகிறவர் சொல்லி அல்ல.

எங்களுக்குச் சொன்னது எதிரே வந்தவர். நான், என் மனைவி, அத்தை மூன்று பேரும் சனாம் சாய் மெட்ரோவில் இறங்கி அரண்மனையின் வெள்ளை மதிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தோம். இந்த மதிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வேலைக்குப் பாதி உதவியை அதுதான் செய்கிறது. சுற்றளவு கிட்டத்தட்ட 1,900 மீட்டர். நெடுக வாசல்கள் இருக்கின்றன, ஆனால் பயணிகள் உள்ளே போவதற்கான வாசல் வடக்குப் பக்கம் மட்டும்தான். மெட்ரோவிலிருந்து வருகிறவர் தெற்கிலிருந்து நடக்கிறார். வழியில் பார்க்கும் கதவெல்லாம் சாத்தியிருக்கிறது, சில இடத்தில் துப்பாக்கியோடு காவலர் வேறு நிற்கிறார். அந்த நேரத்தில் ஒருவர் வந்து "மூடியிருக்கிறது" என்றால் கண்ணால் பார்ப்பதும் அதையேதான் சொல்கிறது.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் குடை, அம்பது வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்றார். "இந்தியாவா? சென்னையா?" என்று ஆரம்பித்தார். இன்று பிக்குகளுக்குப் பூஜை, மதியம் ஒரு மணி வரை தாய்லாந்து மக்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றார். தாய்லாந்துக்காரர்களுக்கு அங்கே எப்போதுமே இலவசம், அவர்கள் போகிற வழியும் வேறு. அதனால் அப்படி ஒரு கூட்டத்தைக் கை காட்டுவதற்கு அவருக்குச் சிரமமே இல்லை.

யோசித்தால் சிரிப்பு வருகிறது. பண்டிகை என்று சொல்லி கோவிலைப் பூட்டுவார்களா? வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தைப் பூட்டுவது மாதிரி. புத்த பண்டிகை நாளில் தாய்லாந்துக் கோவில்கள் விடியற்காலையிலிருந்தே நிரம்பி வழியும் என்பதுதான் நிஜம்.

அந்த வாத்தியார் எங்களிடம் எதையும் விற்கவில்லை. இதைக் கவனியுங்கள். எங்கள் மேப்பை வாங்கி மூன்று இடத்தில் வட்டம் போட்டார். நின்ற கோலத்தில் பெரிய புத்தர், பக்கத்தில் அதிர்ஷ்ட புத்தர், நேரமிருந்தால் அரசாங்கத்தின் ஏற்றுமதி மையம், அவ்வளவுதான். டுக்டுக் என்ற அந்த ஊர் ஆட்டோவில் 40 பாத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், அரசாங்க டுக்டுக்கில் மட்டும் ஏறுங்கள் என்று எச்சரித்தார். அவர் பேசி முடிக்கவும் அப்படி ஒன்று வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அரசாங்க டுக்டுக் என்று அந்த ஊரில் எதுவும் கிடையாது. எல்லாம் தனியார் வண்டிதான்.

முதலில் போன இடம் வாட் இந்தரவிஹான். 32 மீட்டர் உயரத்துக்குத் தங்க நிறத்தில் நிற்கிற புத்தர். உண்மையிலேயே பார்க்க வேண்டிய கோவில், அதைப் பற்றி எந்தக் குறையும் இல்லை. ஓட்டுநரும் பொறுமையாகக் காத்திருந்தார். நாற்பது பாத்துக்கு இவ்வளவு நல்ல மனிதரா என்று அத்தை ஆச்சரியப்பட்டார்கள்.

இரண்டாவது இடம் மேப்பில் பெயர்கூட இல்லாத சின்னக் கோவில். உள்ளே ஒரே ஒருவர் மண்டியிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்ததும் புன்னகைத்துப் பேச்சுக் கொடுத்தார். வங்கியில் வேலை, தம்பி பெங்களூரில் படிக்கிறான், ஊர் சியாங் மாய். டுக்டுக்குக்கு எவ்வளவு என்று அவராகவே கேட்டு, "நாற்பதா? சரியான விலைதான்" என்றார். அப்புறம் பேச்சோடு பேச்சாக, ஏற்றுமதி மையத்தில் வெளிநாட்டவருக்கு வரிவிலக்கு இன்றோடு முடிகிறது, கல்யாணமான புதிதில் தானே அங்கே கல் வாங்கி லண்டனில் இரண்டு மடங்குக்கு விற்று, தேனிலவுச் செலவையே அதில் சமாளித்ததாகச் சொன்னார். வாங்குங்கள் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

இந்த வித்தையின் சாமர்த்தியம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. வாத்தியார், ஓட்டுநர், வங்கிக்காரர் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் மாதிரி நடந்துகொள்கிறார்கள். முதல் ஆள் சொன்னதை இரண்டாவது ஆள் நிரூபிக்கிறார், இரண்டாவது ஆள் சொன்னதை மூன்றாவது ஆள். நாற்பது பாத் என்று சொன்னால் கடைசி வரை நாற்பதுதான். சில்லறையில் ஒரு பைசா ஏமாற்றவில்லை. நம் ஆட்கள் வெளியூரில் ஆட்டோ வாடகையில்தான் உஷாராக இருப்போம். அங்கே நேர்மையாக இருந்துவிட்டால் மற்ற எல்லாக் கதவும் தானாகத் திறந்துவிடுகிறது.

ஏற்றுமதி மையம் என்று அவர்கள் சொன்ன நகைக்கடைக்குப் போகிற வழியில் சாவ் சிங் சா என்ற பெரிய சிவப்பு ஊஞ்சல் கம்பத்தைக் கடந்தோம். அதன் பக்கத்திலேயே தேவஸ்தான் என்ற பிராமணர் கோவில் இருக்கிறது. நம் திருவெம்பாவையின் பெயர் கொஞ்சம் மாறி இன்றும் சடங்காக நடக்கும் இடம் அது. அங்கே பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். "அது பூட்டியிருக்கும்" என்று சொல்லி வேகம் எடுத்தார் ஓட்டுநர். பாங்காக்கில் கமிஷன் தராத இடமெல்லாம் அன்று பூட்டித்தான் இருந்தது.

கடை பெரியது, நல்ல ஏசி, உட்கார்ந்ததும் குளிர்ந்த ஜூஸ். சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள், அரசர் படம். அரசர் படம் அங்கே டீக்கடையிலும் இருக்கும், அதை வைத்து அரசாங்கக் கடை என்று நினைக்க வேண்டாம். தாய்லாந்து அரசாங்கம் நகைக்கடை எதுவும் நடத்தவில்லை.

முதலில் நீலக்கல்லைத்தான் எடுத்து வைத்தார்கள். ஒரு செட் ஒரு லட்சம் பாத்துக்கு மேல். இந்தியாவில் விற்றால் இரட்டிப்பு என்று கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார் விற்பனைப் பெண். இந்த இடத்தில் எங்களைக் காப்பாற்றியவர் சனி பகவான். அத்தை தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள்: "மாப்பிள்ளை, ஜாதகம் பார்க்காம நீலத்தை வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாது. யாருக்கு என்ன ஆகும்னு சொல்ல முடியாது." அந்தப் பெண்ணின் பயிற்சியில் இதற்குப் பதில் இருந்திருக்காது போல, கொஞ்ச நேரம் முழித்தார். ஆனால் உடனே சிவப்புத் தட்டு வந்தது. மாணிக்கத்துக்கு ஜாதகத் தடை எதுவும் அத்தைக்கு நினைவுக்கு வரவில்லை. ஒரு மோதிரமும் தனியாக இரண்டு கற்களும் 24,000 பாத். நம் பணத்தில் அறுபதாயிரத்துக்கு மேல். கிரெடிட் கார்டில் தேய்த்தார்கள், ரசீதும் உத்தரவாதச் சான்றிதழும் கொடுத்தார்கள். வெளியே வந்தபோது ஓட்டுநர், எங்களைக் கொண்டுவந்ததற்குக் கமிஷனாகக் கிடைத்த பெட்ரோல் கூப்பன் ஒன்றைக் கையில் மடித்துக்கொண்டிருந்தார்.

அரண்மனை வாசலில் இறக்கிவிட்டபோது மணி 3.40. டிக்கெட் முடிந்துவிட்டது. காலையிலிருந்து எப்போதும் போலத் திறந்துதான் இருந்தது என்று அங்கிருந்த காவலர் சொன்னார். அந்நியர் பேச்சை நம்பாதீர்கள், தினமும் திறந்திருக்கும் என்று ஆங்கிலத்தில் அங்கே அறிவிப்பே வைத்திருக்கிறார்கள். ஆனால் அது இருப்பது வாசலுக்குப் பக்கத்தில். வாத்தியார் நிற்பது அதற்கு வெகு தூரம் முன்னால்.

ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் எங்கள் கையில் இருந்த பையைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். 1155க்கு அவரே போன் போட்டுக் கொடுத்தார். அது சுற்றுலாப் போலீஸ் எண், ஆங்கிலத்தில் பேசலாம். மரியாதையாகவே பேசினார்கள், கடைக்கும் போன் செய்தார்கள். ஆனால் சிக்கல் என்னவென்றால், கடைக்காரர் கண்ணாடியை விற்று ஓடிப்போகவில்லை. மாணிக்கம் என்று சொல்லி மாணிக்கத்தைத்தான் விற்றிருக்கிறார், தரத்துக்குப் பொருந்தாத விலையில். அதை வியாபாரத் தகராறாகத்தான் பார்க்கிறார்கள். கல்லை நேரில் கொண்டுவந்தால் முப்பது சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதாகக் கடை சொன்னது, அதுவும் மறுநாள் மதியத்துக்கு மேல் மேலாளர் வந்த பிறகு. எங்கள் விமானம் மறுநாள் காலை. பயணம் எப்போது முடிகிறது என்பதை ஜூஸ் கொடுக்கும்போதே கேட்டு வைத்திருந்தார்கள்.

இதே இடத்தில் வேறு சிலருக்கு, வாங்கியதைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம் என்று சொல்வார்களாம். பொருள் கையில் இருந்தால்தானே திருப்பிக் கொடுக்க முடியும்? வாங்கியே தீருவேன் என்கிறவர்கள் தபாலுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மதுரையில் தெற்கு ஆவணி மூல வீதியில் தெரிந்த கல் வியாபாரி ஒருவரிடம் காட்டினோம். லென்ஸில் பார்த்த உடனே சொல்லிவிட்டார். விரிசல் விழுந்த மட்டமான மாணிக்கத்தைச் சூடாக்கி, விரிசலில் ஈயக்கண்ணாடியை உருக்கி நிரப்பியது. உள்ளே சின்னச் சின்னக் குமிழ்கள் தெரியும், சாய்த்துப் பார்த்தால் நீலமாக ஒரு மினுக்கல் வரும். கேரட்டுக்குச் சில நூறு ரூபாய்கூடப் பெறாது, மோதிரத்தை மறுபடி சூடு காட்டினால் கல்லே கெட்டுவிடும் என்றார். தாய்லாந்தில் நல்ல கல்லே கிடையாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. சந்தபுரி ஊரின் கல் சந்தை உலகத்துக்கே தெரிந்தது. ஆனால் அங்கே வாங்குகிறவர்கள் கல் தெரிந்த வியாபாரிகள், நேரம் போகாமல் டுக்டுக்கில் வந்து இறங்குகிற குடும்பங்கள் இல்லை.

"இன்று இல்லை" என்ற அதே வசனம் ஊர் முழுக்க வேறு வேறு உருவத்தில் வரும். வாட் போ பக்கத்தில் தா தியன் படகுத்துறைக்குப் போகும் வழியில் ஒருவர் "அக்கரைக்குப் படகு இன்று ஓடவில்லை, தனிப் படகு பேசித் தருகிறேன்" என்பார். நிற்காமல் துறைக்கே போங்கள். சாவோ பிராயா ஆற்றைக் கடந்து வாட் அருணுக்குப் போகிற படகுக்குச் சில பாத்தான், வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். டாக்ஸிக்காரர் மீட்டர் கெட்டுப்போச்சு என்பார். வேறு டாக்ஸி பாருங்கள், மீட்டர் 35 பாத்தில் ஆரம்பிக்கிறது. சனாம் லுவாங் மைதானத்தில் புறாவுக்குத் தீனி என்று கையில் திணிக்கிற பொட்டலத்தை வாங்கவே வேண்டாம், பிரித்த பிறகுதான் விலை சொல்வார்கள். டாம்னொன் சடுவாக் மிதக்கும் சந்தைக்குக் கார் பேசிப் போனால், சந்தைக்கு முன்னாலேயே ஏதாவது தனியார் படகுத்துறையில் இறக்கிவிட்டு ஆளுக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். சந்தை வரைக்கும் காரிலேயே போகலாம், அங்கே கரையில் நடந்தும் பார்க்கலாம்.

கோவில்களைச் சேர்ந்த யாரும் இதில் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அன்று மாலை மிச்சமிருந்த நேரத்தில் வாட் போவுக்குப் போனோம். 300 பாத் டிக்கெட், 46 மீட்டர் நீளத்துக்குச் சயனித்திருக்கும் புத்தர். அவர் முதுகுப் பக்கம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கின்றன, சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் போட்டுக்கொண்டே போகலாம். அத்தை ஒன்றுகூட விடாமல் போட்டார்கள். மரகத புத்தரைத்தான் பார்க்காமல் திரும்பினோம்.

இப்போது நிலவரம் இது. கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு நீங்களேதானே வாங்கினீர்கள் என்பது முதல் பதில். கல்லின் பரிசோதனை அறிக்கை, ரசீது, "அரசாங்க ஏற்றுமதி மையம்" என்று அச்சடித்த அந்தச் சான்றிதழ் மூன்றையும் இணைத்து மறுபடி அனுப்பியிருக்கிறேன். விளம்பரத்துக்கு மாறான பொருள் என்ற பிரிவில் கேளுங்கள் என்று வங்கி நண்பர் ஒருவர் சொன்னார், அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இதே மாதிரி வாங்கி, கார்டு மூலம் பணத்தைத் திரும்பப் பெற்றவர்கள் யாராவது இருந்தால் எந்தக் காரணத்தைக் காட்டி வாங்கினீர்கள் என்று எழுதுங்கள்.